அரைப்பேர் இல்லாத உத்தியோகம்

யெமனில் 2014 முதல் போர். அந்த நாட்டு அணிக்குத் தன் மண்ணில் பந்து உருட்ட இடமில்லை. ஆகவே 2023 ஒக்டோபர் 12ஆம் திகதி அவர்களின் 'சொந்த மைதானம்' சவூதி அரேபியாவின் அப்ஹா நகரில் இருந்தது. 2015இல் யெமன் மீது குண்டு போடத் தொடங்கிய அதே சவூதி. அங்கே விருந்தாளியாகப் போனது நம் இலங்கை உதைபந்தாட்ட அணி. 3–0 என்று பரிமாறி அனுப்பினார்கள்.

ஐந்து நாள் கழித்துக் கொழும்பு ரேஸ்கோர்ஸில் 1–1. ஆக மொத்தம் 4–1. ஆசியத் தரவரிசையின் பின்வாங்கில் இருந்த 20 அணிகளுக்கான முதல் தகுதிகாண் சுற்று இது. 2026 உலகக் கிண்ணத்தில் 48 அணிகளுக்கு இடமுண்டு. நம் கனவு ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

பையன்களைத் திட்ட மனம் வரவில்லை. அந்த ஆட்டம் ஜனவரியிலேயே தோற்றாயிற்று. சம்மேளனத் தேர்தல் இழுபறி, அதற்குள் அரசாங்கத்தின் மூக்கு. பொறுத்துப் பார்த்த பீபா ஜனவரி 21 முதல் நாட்டையே தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் கதவைத் திறந்தது. இடையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தது. நம் வீரர்களும் பார்த்தார்கள், தொலைக்காட்சியில். 1995இல் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. கதிரைக்கு அடித்துக்கொண்டவர்களுக்கு அது ஞாபகம் இருக்குமா தெரியாது. கதிரை ஞாபகம் இருந்தது.

முந்திய உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2019இல் மக்காவு அணியிடம் போய் 1–0 தோற்றோம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பயந்து அவர்கள் கொழும்புக்கு வரவில்லை. பீபா நமக்கு 3–0 எழுதித் தந்தது. எதிரணி வராததால் வென்றோம். அடுத்த சுற்றில் தென்கொரியா வந்தது. அதாவது, நாம் அங்கே போனோம். 8–0.

தேயிலைத் தோட்டத்தில் கேட்ட கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். 2023இல் முழுப்பேருக்கே 1,000 ரூபாய்தான். மழையா, அட்டைக் கடியா, மலையில் கொழுந்தே இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. தராசு சொன்னால் சொன்னதுதான். ஏழு மாதத் தடை வாங்கித் தந்த கனவான்களில் யாருக்கு அரைப்பேர் விழுந்தது? இவர்களை நிறுக்கும் தராசை இந்த நாட்டில் எவனும் இன்னும் செய்யவில்லை.

மலையகத்திலிருந்து ஏன் வீரர்கள் வருவதில்லை என்று கொழும்பில் சிலர் கவலைப்படுவார்கள். நல்ல கவலை. நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரைமார் 1889இல் கொல்ஃப் கழகம் தொடங்கினார்கள். 18 குழிகள், மெத்தை போலப் புல். அதே ஊரில் குதிரைக்கும் தனி மைதானம். லயத்துப் பிள்ளைக்கு, வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களம். பந்து ஒருமுறை சரிவில் உருண்டால் இரண்டு மலை இறங்கித் தேட வேண்டும். நம் பையன்களுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் இலவசம்.

மைதானமே இல்லை என்று சொன்னால் பாவம். நோர்வூட்டில் இருக்கிறது. 2017 மே 12இல் உலகமே அதைப் பார்த்தது. இந்தியப் பிரதமர் மோடி வந்தார், பேசினார், 10,000 வீடு என்றார். கூட்டம் பிதுங்கியது. நம் தலைவர்களுக்கு மைதானம் என்றால் மேடை. தேர்தல் நெருங்கினால் இளைஞர் கழகத்துக்கு ஒரு பந்து, தலைவர் படம் போட்ட ஜேர்சி. வாக்கு எண்ணி முடியும்போது பந்தில் காற்றும் முடிந்திருக்கும்.

இதெல்லாம் உதைபந்தாட்டத்தின் தலையெழுத்து, கிரிக்கெட் வேறு என்பவர்களுக்கு: 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். நவம்பர் 10ஆம் திகதி, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி ஐ.சி.சி.யும் இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. ஒரே ஆண்டு, ஒரே குற்றம், இரண்டு உலக அமைப்புகள். தலையீட்டுக்கென்று ஓர் உலகக் கிண்ணம் வைத்தால் நமக்குத் தகுதிகாண் சுற்றே தேவைப்படாது, நேரே இறுதியாட்டம்தான். அதிலும் நடுவரை மாற்றச் சொல்லி அமைச்சிலிருந்து ஒரு கடிதம் போகும்.