சிபாரிசு மாமாக்கள்

நல்ல நாவல் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் ராஜேஷ்குமார் வாங்கி வளர்ந்தவர்கூடச் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து ‘விஷ்ணுபுரம்’ என்பார். 1997-இல் வந்த அந்தத் தடித்த நாவல் எத்தனையோ வீடுகளில் முதல் அத்தியாயத்திலேயே பஸ் டிக்கெட் செருகியபடி நிற்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் என்றாலும் ஆபத்தில்லை. வாராவாரம் ‘தொடரும்’ போட்டுப் பழகிய கை கல்கியுடையது.

குழந்தைகளுக்கு என்றால் யோசனையே கிடையாது, ‘அக்னிச் சிறகுகள்’தான். ஏழு வயசுப் பிள்ளை ஏவுகணை விட்டே ஆகவேண்டும். சொன்ன மாமா அந்த வயசில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததோ, முத்து காமிக்ஸின் ‘இரும்புக்கை மாயாவி’. 1972-ஆம் வருஷத்துப் பிரதி கிடைத்தால் இப்போதும் சொன்ன விலை கொடுப்பார். பிள்ளை மட்டும் அதைத் தொடக்கூடாது.