ஏழரை மில்லிமீட்டர்

என்னிடம் ஒரு டார்ச் லைட் இருந்தது. நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

கைக்கு அடக்கமான அலுமினிய டார்ச். உள்ளே ஒற்றை 18650 பேட்டரி. மொட்டை மாடியில் நின்று அடித்தால் எதிர்வீட்டு வாட்டர் டேங்கை உரசிக்கொண்டு போய், தெருக்கோடிப் பெருமாள் கோயில் கலசத்தில் விழும். கரண்ட் போன ராத்திரிகளில் நான் மாடி ஏறுவதே இந்தக் கைங்கர்யத்துக்காகத்தான். பெருமாள் கேட்டதில்லை.

பொங்கலுக்கு என் மனைவியின் அண்ணன் வந்தார். பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தார். "இது நாலாயிரம் லூமென் மாப்ள. உங்களோடது எவ்வளவு?" என்னுடையது முந்நூற்றுச் சொச்சம். அந்த எண்ணை மட்டும் இருமலோடு சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரியே உள்ளே இருக்கும் எல்இடியை மாற்றிவிடுவது என்று முடிவு. பழையது க்ரீ எக்ஸ்பி-ஜி. பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, அரிசிக் குருணை மாதிரி இருக்கும். அந்த இடத்தில் எக்ஸ்எச்பி-70. ஏழுக்கு ஏழு மில்லிமீட்டர். கார்ப்பரேஷன் பம்ப்புக்குப் பதில் போர்வெல் போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

செப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டிய எல்இடி வாங்கினால் விலை கொஞ்சம் கூட. வெறும் எல்இடி வாங்கி நாமே ஒட்டிக்கொள்ளலாமே? 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். பலகையை அடியில் இருந்து சூடு காட்டினால் எல்இடி தானாக வழுக்கிப் போய் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சூடு காட்டச் சமதளமான இரும்பு வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

அம்மா உள்ளே வந்தபோது தோசைக்கல்லில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. "ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறோம்?" என்று வாதாடிப் பார்த்தேன். "அது வெள்ளீயம்டா, இது காரீயம். இன்ஜினீயரிங்ல இதைச் சொல்லித் தரலையா?" என்றாள். சொல்லித் தந்திருப்பார்கள். நான் அன்றைக்கு லீவு.

நாற்பது வருஷம் பழகிய கல்லை அன்றே அடுப்பிலிருந்து விலக்கிவிட்டாள். புதுக் கல் வாங்கிய காசுக்கு, பலகையில் ஒட்டிய எல்இடி நாலு வந்திருக்கும். புதுக் கல்லில் இன்றுவரை தோசை ஒழுங்காக எழும்பவில்லை. எழும்பாத ஒவ்வொரு தோசையும் என் தட்டுக்குத்தான் வருகிறது.

அடுத்து ரிஃப்ளெக்டர். டார்ச்சுக்குள் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். உண்மையில் கண்ணாடி இல்லை, அலுமினியம். அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் எல்இடி எட்டிப் பார்க்கும். என் எல்இடி ஏழு மில்லிமீட்டர். தாராளமாக இருக்கட்டும் என்று உருண்டை அரத்தால் ஓட்டையை ஏழரை மில்லிமீட்டராக அராவினேன். ஏழரை என்றதும் உஷாராகியிருக்க வேண்டும்.

எல்இடி சதுரம், ஓட்டை வட்டம். வட்டத்துக்குள் சதுரம் போக வேண்டுமென்றால் பக்கத்தை அளந்து பிரயோஜனமில்லை, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். ஏழு மில்லிமீட்டர் சதுரத்துக்கு மூலைவிட்டம் 9.9 மில்லிமீட்டர். ஒன்பதாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை ஒப்பித்து, பத்துக்குப் பத்து வாங்கினவன் நான்.

மறுபடியும் அராவிப் பத்துக்குக் கொண்டுவந்தேன். அராவின தூளெல்லாம் கிண்ணத்துக்குள் விழுந்தது. வாயால் ஊதினேன். எச்சில் தெறித்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு என்பது வெற்றிடத்தில் வைத்துப் படியவைக்கிற, மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. விரல்கூடப் படக்கூடாது. அரத்தூளோடு சேர்த்து வேட்டியால் தேய்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

பழைய எல்இடியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருந்தது. எதற்கு என்று புரியவில்லை. குப்பையில் போட்டேன். நமக்குப் புரியாததெல்லாம் தேவையில்லாதது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். நீங்களும்தான், பொய் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்விட்சைத் தட்டினேன். எரியவில்லை. நாலு தடவை தட்டினேன். உள்ளங்கையில் அடித்துப் பார்த்தேன், ரிமோட்டுக்குச் செய்கிற வைத்தியம். ம்ஹூம்.

மறுநாள் ரிச்சி தெரு. கடைப் பையன் எல்இடியைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, இதுக்கு ஆறு வோல்ட் வேணும். உங்க பேட்டரி ஃபுல் சார்ஜ்லயே நாலு புள்ளி ரெண்டுதான்." உள்ளே நாலு சில்லு இருக்கிறதாம், எப்படிக் கோத்தாலும் ஆறுக்குக் குறையாதாம். "தெரியும் தம்பி, சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்றேன். அவன் நம்பின மாதிரி நடித்தான். நல்ல பையன்.

அங்கேயே மூன்று வோல்ட் எல்இடி ஒன்று வாங்கினேன். எஸ்எஸ்டி-40, பலகையோடு. தோசைக்கல் படலம் இனி வேண்டாம். ஆனால் இது ஐந்துக்கு ஐந்து மில்லிமீட்டர். என் ஓட்டையோ பத்து. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிற பையன் மாதிரி நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

பரவாயில்லை என்று பூட்டித் தட்டினேன். எல்இடிக்குப் பதில் டார்ச்சின் பின்பக்கம் சூடாகிப் புகைந்தது. ரிஃப்ளெக்டரின் உலோக அடி நேராக சால்டர் மேல் உட்கார்ந்து பாசிட்டிவை பாடியோடு ஷார்ட் செய்திருந்தது. பேட்டரியைக் கழற்றுவதற்குள் வால்பக்க ஸ்பிரிங் துவண்டு படுத்துவிட்டது. குப்பையில் போட்ட வெள்ளை வளையத்தின் வேலை என்ன என்று அப்போது புரிந்தது. குப்பை வண்டி காலையிலேயே போயிருந்தது.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தடிமனாக இருந்தது. அதை வட்டமாக வெட்டி நடுவில் சதுரம் குடைந்தேன். புது ஸ்பிரிங், புது வளையம், ஸ்விட்ச். எரிந்தது! கத்தினேன். வீட்டில் யாரும் வரவில்லை.

சுவரில் அடித்துப் பார்த்தேன். வட்டமாக வெளிச்சம், நடுவில் மட்டும் இருட்டு. அச்சு அசல் மெதுவடை. அந்த வெள்ளை வளையத்துக்கு இன்னொரு வேலையும் இருந்திருக்கிறது: ரிஃப்ளெக்டரைச் சரியான உயரத்தில் நிறுத்துவது. பத்திரிகையின் தடிமன் கிண்ணத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட, எல்இடி குவியப் புள்ளியை விட்டு நகர்ந்துவிட்டது. அட்டையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, மணமகன் பெயர் அழிந்தபோது வடை ஓரளவு போண்டாவானது.

அன்று ராத்திரி கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போனது. மாடிக்கு ஓடிக் கலசத்தைப் பார்த்து அடித்தேன். மாடி முழுக்க வெளிச்சம். கொடிக்கயிறு, துவைக்கிற கல், காயவைத்த வடகம், எல்லாம் பட்டப்பகல் மாதிரி தெரிந்தன. கலசம் தெரியவில்லை. கோயிலே தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து படித்தேன். பரீட்சை முடிந்த பிறகு படிப்பது எனக்குப் புதிதில்லை. லூமென் என்பது மொத்த வெளிச்சம். தூரம் போவதற்கு வேண்டியது கேண்டெலா, ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்ற கணக்கு. ரிஃப்ளெக்டர் எல்இடியின் உருவத்தைத்தான் பெரிதாக்கி எதிரில் வீசுகிறது. அதே சின்னக் கிண்ணத்தில் பெரிய எல்இடியை வைத்தால் வட்டம் அகலமாகுமே தவிர நீளாது. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும். அந்தத் தூரத்தில் விழுவது பௌர்ணமி வெளிச்சம் அளவுக்கு, கால் லக்ஸ். என் பழைய டார்ச்சின் பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் பத்தாயிரம் கேண்டெலா. அதைத்தான் அரத்தால் அராவி, வேட்டியால் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது எதிர்வீட்டு சார் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நேத்து கவனிச்சேன். லைட்டை மாத்திட்டீங்க போல. முன்னெல்லாம் கரண்ட் போனாலே எங்க பெட்ரூம் ஜன்னல்ல பளீர்னு அடிக்கும். நேர்ல சொல்லச் சங்கடமா இருந்துச்சு. எங்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்களே!"

"பரவாயில்ல சார், அதுக்கென்ன" என்றேன்.