ஹெவ்லொக் டவுனில் ‘-ஆல்’ ஈற்று வினையெச்சம்: விருந்தினர் வராமை குறித்து ஓர் ஆய்வு

கொழும்பு ஹெவ்லொக் டவுன் மாடிக் குடியிருப்பொன்றின் லிஃப்ட் வாசலில், “அண்ணை, ஞாயிறு சாப்பாட்டுக்கு வாங்கோ” என்று அழைத்தால் கிடைக்கும் மறுமொழி: “நேரம் கிடைச்சா வாறன் தம்பி.” இவ்வாறு மொழிந்தவர் வந்ததாகச் சான்றில்லை. காலி வீதி நெரிசல், பிள்ளைகளின் ரியூசன் முதலிய பழைய விளக்கங்களை இவ்வாய்வு மறுக்கிறது. குற்றவாளி இலக்கணமே.

‘கிடைச்சா’ என்பது எழுத்தில் ‘கிடைத்தால்’. அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் ‘த்’ இறந்தகால இடைநிலை. இனிமேல்தான் கிடைக்கவேண்டிய நேரம், வினையளவில் எப்போதோ கிடைத்துச் செலவாகியும் விட்டது. ‘வாறன்’ நிகழ்காலம். வாக்கியத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எதிர்காலம் அகப்படாது. எதிர்காலமே இல்லாத வாக்கியத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்கு எப்படி வந்து சேர்வார்? தொல்காப்பியரும் பவணந்தியும் காட்டிய ‘செயின்’ வாய்பாட்டில் இந்தத் ‘த்’ கிடையாது. ‘நேரம் கிடைப்பின் வருவேன்’ என்றவர்கள் அந்நாளில் வந்து உண்டிருக்கவேண்டும்.

ஸ்பானிய மொழியிலும் நிலைமை சுகமில்லை. ‘இர்’ என்றால் போதல். அதன் பின்னால் துணைவினை ஒன்றின் இறந்தகாலம் தேய்ந்து ஒட்டியதால் ‘இரியா’ ஆயிற்று: முடிந்தால் போவேன் என்ற தொனி. நாம் ஐயத்தை நேரத்தின் தலையில் கட்டுகிறோம். ஸ்பானியர் போகும் வினையிலேயே ஏற்றிவிடுகிறார். நேர்மை அவர் பக்கம். அது நமக்கும் வாய்த்திருக்கலாம்: 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய மன்னர்களின் கையில் இருந்தது. கொழும்புக் கோட்டையும் அவர்கள் கணக்கிலேயே கிடந்தது. ஆனால் இங்கே இறங்கியவர்கள் போர்த்துக்கேயர். அலுமாரியையும் சாவியையும் தந்தார்கள். ‘இரியா’வின் அந்த விகுதி மட்டும் வந்து சேரவில்லை.

2022 மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டபோது புழங்கிய ‘கரண்ட் இருந்தா’, ‘பெற்றோல் கிடைச்சா’ ஆகியவை ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவை உண்மையான நிபந்தனைகள், தரவைக் கெடுத்துவிடும்.

எதிர்மறை வடிவம் தனிக் கவனத்துக்குரியது. “வராட்டி கோவிக்காதேங்கோ.” இந்த ‘வராட்டி’ விரிந்தால் ‘வராவிட்டால்’, அதற்குள்ளும் இறந்தகாலம் ஒளிந்திருக்கிறது. இங்கே கழிந்துபோவது வராமை. ஆகவே இப்படிச் சொன்னவருக்கு இடியப்பம் கூட்டிச் சொல்லி வைக்கவேண்டும். அவர் மாமியையும் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிடுவார்.