ரேட் அங்கிள்

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். ரேட் அங்கிள் உட்கார மாட்டார். ஒரே மூச்சில் மேலே போய், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார். "இருபது புள்ளி பதினொண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் முருகனுக்குக் கும்பிடு. ரேட் இறங்கியிருக்கும் நாளில் கும்பிடு கொஞ்சம் நீளும்.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிராணியாக இருந்திருப்பார், அல்லது தமிழ்ப்பள்ளியில் வாத்தியார், அல்லது துறைமுகத்தில் கணக்கர். பென்சன் வருவது மலேசிய வெள்ளியில். மனசு கணக்குப் போடுவது ரூபாயில். தேவகோட்டைப் பக்கம் அக்கா இருக்கிறார். அக்காவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஒழுகுகிற ஓட்டு வீடு, அது போக மூன்று வருடமாக முடியாத குலதெய்வக் கோயில் திருப்பணி. மாதம் பிறந்தால் ஆயிரம் வெள்ளி கடல் தாண்டியாக வேண்டும்.

இது ஒரு நிமிட வேலை என்று நினைப்பவர்களுக்கு அங்கிளைத் தெரியாது.

முதலில் நாள் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காசு கைமாறக் கூடாது. வெள்ளிக்கிழமை வெள்ளி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும், கடைக்காரன் தன் பாதுகாப்புக்கு ரேட்டைக் குறைத்துத்தான் போடுவான். மிஞ்சுவது மூன்று நாள். அந்த மூன்று நாளிலும் ராகு காலம், எமகண்டம் கழிய வேண்டும். ரேட்டுக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது. அது ஏறுவதென்றால் ஒழுங்காக வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் ஏறும். அன்று அங்கிள் வீட்டில் யாரும் அவரோடு பேச மாட்டார்கள்.

நாள் அமைந்துவிட்டால் லிட்டில் இந்தியாவுக்குப் பயணம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ரேட்டை எழுதிக்கொள்வார். ஒரு கவுண்டரில் நடந்ததைக் காதால் கேட்டேன்.

"என்னம்மா, கூகிள்ல இருபது பத்து காட்டுது. நீ பத்தொன்பது எண்பது சொல்றியே?"

"அப்ப கூகிள்கிட்டயே குடுத்து அனுப்பச் சொல்லுங்க அங்கிள்."

அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூகிளில் தெரிவது வங்கிகள் தங்களுக்குள் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவிலுள்ள எண். நமக்கு அந்த விலையில் கொடுப்பவர்கள் மிகச் சிலர். அவர்களும் கட்டணத்தைத் தனியாக வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் ரேட்டுக்குள்ளேயே லாபத்தை வைத்துவிட்டு, வாசலில் "கட்டணம் இல்லை" என்று போர்டு மாட்டுவார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் அங்கிள் கட்சி. போர்டைப் பார்த்து அவர் மயங்க மாட்டார். ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாகக் கேட்க மாட்டார். "ஆயிரம் வெள்ளி எங்கிட்டருந்து வாங்கிட்டா, அக்கா கணக்குல எத்தனை ரூபா விழும்? அத மட்டும் சொல்லு" என்பார். கட்டணமே வாங்காமல் 19.60 கொடுக்கிற கடையில் 19,600 ரூபாய் விழும். பத்து வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 19.95 கொடுக்கிற கடையில் 19,750 ரூபாய் விழும். கட்டணம் வாங்குகிற கடைதான் 150 ரூபாய் மலிவு. போனில் பொத்தானைத் தட்டி அனுப்புகிற பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வராது. காலண்டர் தாளில் அங்கிளுக்கு வரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வைத்திருக்கிறது. அங்கிள் அதற்காகத் தனியாளாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார் என்பது சபைக்குத் தெரியாது. இப்படி ஏழெட்டு வெள்ளி மிச்சம் பிடித்த சந்தோஷத்தில், பக்கத்துக் கடையில் பதினைந்து வெள்ளிக்கு வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவார் என்பது வேறு விஷயம்.

கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தால் அவருக்குச் சரித்திரம் ஞாபகம் வரும். தாத்தா காலத்தில் இதே பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கியில் பணத்தைக் கட்டினால் ஊரில் போய்ச் சேர்ந்துவிடும். 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். அந்நியச் செலாவணிக்கென்றே வந்த பேங்க் அது. பின்னால் நிற்கிற பங்களாதேஷ் தொழிலாளிக்கு இதெல்லாம் தமிழில் சொல்லப்படும். அடுத்தது 1998 செப்டம்பர். மகாதீர் ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்ட மாதம். 2005 ஜூலை வரை அந்தக் கட்டு அவிழவில்லை. ரேட் வெள்ளிக்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று ரூபாய்க்குள் ஆடிக்கொண்டிருந்ததே தவிர, துள்ளவில்லை. "அந்த ஏழு வருஷம் வீட்ல நிம்மதியா இருந்தோம்" என்று அவருடைய மனைவியும் ஒப்புக்கொள்கிறார்.

எல்லா வழியையும் பரீட்சை பண்ணிப் பார்த்தவர் அவர். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய பேங்கில் டிடி (தந்திவழிப் பணமாற்று) போட்டார். வழியில் இடைநிலை வங்கி ஒன்று தன் பங்கைப் பிடித்துக்கொண்டதில் தொகை குறைந்து போய்ச் சேர்ந்தது. அதை இன்றுவரை "வழிப்பறி" என்றுதான் சொல்கிறார். பேரன் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அது முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்றது. "இந்த வயசுல யாரப் பாத்துடா கண்ணச் சிமிட்டச் சொல்ற?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நிறுவனம் பேங்க் நெகாராவிடம் உரிமம் பெற்றது என்று பட்டியலில் காட்டிய பிறகுதான் சிமிட்டினார். அந்தப் பட்டியலை அச்செடுத்து, லேமினேட் பண்ணி, சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.

குறியீட்டு விவகாரம் தனி. இந்திய வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி பதினொரு எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அக்கா போனில் அதை "ஓ" என்று சொல்வார், இவர் "ஓ" என்று எழுதுவார், செயலி ஏற்காது. ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். அக்காவின் கணக்கு லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்தது. 1926இல் கரூரில் தொடங்கிய அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. பின்னர் குறியீடும் மாறியது. அங்கிளின் டைரி மாறவில்லை. போன பணம் திரும்பி வந்தது. வந்ததைவிட அந்த நாலு நாளில் ரேட் பதினைந்து காசு இறங்கியதுதான் அவருக்குத் துக்கம்.

சிங்கப்பூரிலிருக்கும் மருமகன் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைந்துவிட்டன. அங்கே போன் நம்பர் இருந்தால் போதும்.

இவ்வளவு கெட்டிக்காரரையும் ஒருமுறை ஆசை பிடித்து ஆட்டியது. உண்டியல்காரன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்தான். "வெள்ளிக்கு முப்பது காசு கூட அங்கிள். சாயங்காலத்துக்குள்ள அக்கா வீட்டு வாசல்ல காசு." முப்பது காசு! ஆயிரம் வெள்ளிக்கு முந்நூறு ரூபாய்! இரண்டு ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை, "ரசீது குடுப்பானா?" என்று மனைவி கேட்டார். "அதெல்லாம் நம்பிக்கைதான்" என்றார் அங்கிள். "ரெண்டு வெள்ளி ரொட்டிக்கு ரசீது கேக்குற மனுஷன், ஆயிரம் வெள்ளிக்கு நம்பிக்கையா?"

அங்கிள் சட்டத்தைப் புரட்டினார். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்தினால் 2011ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டப்படி 50 லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து வருடம் வரை சிறை. அது உண்டியல்காரனுக்கு. அக்கா பக்கம் இந்தியாவின் 1999ஆம் ஆண்டு ஃபெமா சட்டம் இருக்கிறது; மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம். அதைவிட மோசம், அந்த ஆள் எவனோ ஏமாந்தவனின் காசை அக்கா கணக்கில் போட்டுவிட்டால், போலீஸ் சொல்லி வங்கி கணக்கை முடக்கிவிடும். அக்காவின் மாத்திரைக் காசும் அதற்குள்தான் மாட்டிக்கொள்ளும். அங்கிள் அந்த நம்பரை பிளாக் செய்தார். முப்பது காசை நினைத்துச் சில நாள் பெருமூச்சு விட்டார் என்று கேள்வி.

லிட்டில் இந்தியாவில் காலண்டர் தாளோடு ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினால் அது அவர்தான். உரிமம் உள்ள கடை எது, ஆயிரம் வெள்ளிக்கு எங்கே எத்தனை ரூபாய் விழுகிறது என்று தாராளமாகக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். "ரேட் இன்னும் ஏறுமா அங்கிள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் முடிவதற்குள் கடை சாத்திவிடுவார்கள், வாழை இலைச் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.