மூன்று புள்ளி ஏழு ஒன்பது

சென்ற மாதம் பொது சுகாதார முதுநிலை மாணவர்களின் மாநாடு ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெண் என் கைபேசியிலிருந்த க்யூஆர் கட்டத்தை 'கீங்' என்ற சத்தத்தோடு படித்துவிட்டு, "ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது சார்" என்றாள். மூன்று விநாடி. 1989 ஜனவரியில் நாக்பூரில் இதே காரியத்துக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். முடிவில் கிடைத்தவை ஒரு ரெக்சின் பை, எழுதாத பேனா, எழுத்துப் பிழையோடு என் பெயர், அப்புறம் எனக்கு முன்னால் நின்ற மதுரைக்காரரின் சிநேகம். அந்தச் சிநேகம் வைத்த செலவைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது எங்கள் துறைக்குப் பெயர் பி.எஸ்.எம்., அதாவது நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவம். கல்யாண வீடுகளில் என் பெரியப்பா என்னை அறிமுகம் செய்யும் விதமே தனி: "டாக்டர்தான். ஆனா ஊசி போட மாட்டான்." 2020-க்குப் பிறகு டீக்கடைக்காரர்கூட இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று எனக்கே பாடம் எடுக்கும் நாள் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாக்பூருக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில், இரண்டாம் வகுப்பில், புளியோதரையோடு போனோம். இன்றைய பிள்ளைகள் விமானத்தில் ஏறி, இறங்கி, மறுநாளே திரும்பிவிடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒருவருடைய கட்டுரையை இன்னொருவர் கிழித்துப் போடுவதற்கும், கிழித்ததைச் சேர்த்துத் தைப்பதற்கும், நடுவில் சீட்டாடுவதற்கும் ஒரு ராத்திரி முழுக்க ஓடுகிற ரயிலைப்போல வாகான இடம் வேறில்லை. அந்தச் சீட்டாட்டத்துக்கிடையில்தான் நான் கால்குலேட்டரும் கையுமாக மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, ஏற்கெனவே நாலு முறை போட்ட கணக்கை ஐந்தாம் முறையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். பிள்ளைக்குப் பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சரியாகக் கலக்கத் தெரிந்த தாய்மார் எத்தனை பேர், பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் அதில் வித்தியாசம் உண்டா? திருவள்ளூர் பக்கம் கிராமம் கிராமமாகக் கிராம செவிலியரின் சைக்கிளுக்குப் பின்னால் இன்னொரு சைக்கிளில் போய், 412 தாய்மாரைக் கேட்டு எழுதினேன். "பேதிக்கு மருந்து கேட்டா கணக்கு கேக்குறியேப்பா" என்று ஒரு பாட்டி அலுத்துக்கொண்டே கொடுத்த மோரின் பெருங்காய வாசனை இன்னும் நினைவிருக்கிறது. இன்று கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் ராத்திரிக்குள் பதில் வந்து குவிகிறது. மோர் மட்டும் வருவதில்லை.

கை-ஸ்கொயர் என்பார்கள், எனக்கு அது நிஜமாகவே கையால் போட்ட ஸ்கொயர்தான். புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணை 3.84 கேட்டது. என்னுடையது 3.79. வித்தியாசம் உண்டு என்று அடித்துச் சொல்ல 0.05 குறைவு! தெருமுனை வரை வந்த தேர் நிலைக்கு வராமல் நின்றுபோன மாதிரி. நாக்பூர் வரைக்கும் அது நகரவில்லை.

வரிசையில் மதுரைக்காரர் என் கருப்பு மார்க்கரை இரவல் வாங்கினார். தண்ணீர் பட்டாலும் அழியாத ரகம், மவுண்ட் ரோடில் தேடி வாங்கியது. அதனால் என் ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஷீட்டின் கடைசி வரியை, ஈரம் பட்டால் கரைகிற நீல மார்க்கரால் எழுதவேண்டி வந்தது. மேடையில் 'அனைவருக்கும் நலவாழ்வு, 2000' என்று தெர்மகோல் எழுத்துகள். 1978-இல் அல்மா ஆட்டாவில் உலகம் கூடிச் செய்த சத்தியம். அதில் ஒரு பூஜ்யம் இரண்டாம் நாளே விழுந்துவிட்டது, எடுத்து ஒட்ட ஆளில்லை. (சென்ற மாத மாநாட்டில் ஃப்ளெக்ஸ். பூஜ்யம் விழ வழியில்லை. ஆண்டு மட்டும் 2030 ஆகியிருந்தது.) ஷீட்டைக் கண்ணாடிமேல் வைத்து என் வேர்வை விரலால் சரிசெய்தேன். ஏழின் வால் மேலே சுழித்து மூடிக்கொண்டது. திரையில், ஆள் உயரத்துக்கு, 3.99.

தலைமை வகித்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "ஸோ, இட் இஸ் சிக்னிஃபிகன்ட்!" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைதட்டினார்கள். ஊர் திரும்பும்போது துறைத்தலைவருக்கு ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்தேன். அதில் பாதி குற்ற உணர்ச்சி.

நான் உருப்போட்ட கரைசலே இப்போது மாறிவிட்டது. லிட்டருக்கு 3.5 கிராம் உப்பு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் அதை 2.6 ஆக்கியது. ஆக நான் அளந்த உப்பும் பழசு, அளந்த முறையும் பழசு. வினாடி வினாவில் மட்டும் மாற்றமில்லை: 1854-இல் லண்டன் பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர் யார் என்று இன்றும் கேட்கிறார்கள், இன்றும் அரங்கமே ஜான் ஸ்னோ என்று கத்துகிறது.

சென்ற மாதம் இ-போஸ்டர் திரையின் முன்னால் ஒரு மாணவி நின்றிருந்தாள். எதிரில் என்னைத் தவிர யாருமில்லை. எல்லோரும் தோசைக் கவுன்டரில். அவள் மென்பொருள் அரை நொடியில் போட்டுக் கொடுத்த எண் 0.052. இதுவும் நூலிழையில் தவறியது.

"நாட் சிக்னிஃபிகன்ட் சார்" என்றாள், வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல.

"இன்னொரு தடவை போட்டுப் பாத்தியாம்மா?"

"எதுக்கு சார்? அதேதானே வரும்?"

முழு மதிப்பெண் போட்டேன்.

நாக்பூர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மதுரைக்காரரே, இதைப் படிக்க நேர்ந்தால் அந்தக் கருப்பு மார்க்கரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மை காய்ந்திருந்தாலும் பரவாயில்லை.