நிதி படிக்க முதலில் நிதி கொண்டா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தனியார் கல்லூரிகளின் பிளெக்ஸ் மலையேறிவிடுகிறது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கிளியூர் அருவிக்குப் போகிற பாதை வரைக்கும் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பி.காம். அக்கவுண்டிங் அண்டு ஃபைனான்ஸ், பி.காம். ஃபின்டெக், பி.காம். வித் ஏசிசிஏ. நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்! எத்தனை பேரில் நூறு சதவீதம், மாதம் எவ்வளவு சம்பளம் என்று எழுத மட்டும் பிளெக்ஸில் இடம் போதவில்லை.

காப்பித் தோட்டக் கூலிக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிறார். ஏசி அறை, இனிப்பு, "வாங்க சார்". அந்த மனிதரை வாழ்நாளில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் பில். டியூஷன் ஃபீஸுக்கு ரசீது உண்டு. மற்றதைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் காட்டுவார்கள். பணத்தை எண்ணி முடித்ததும் தாள் மேஜைக்குள் போய்விடும். நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. பென்சிலுக்குச் சட்டம் தெரியாது போல.

அடுத்து, "ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் கொடுங்க." அடகுக் கடைக்காரர்கூட நகையை வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுப்பார். இந்தக் கல்விக் கொடையாளர்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு சான்றிதழையும் பூட்டி வைக்கிறார்கள். சரிபார்த்ததும் ஒரிஜினலைத் திருப்பிக் கொடு, விலகினால் கட்டணத்தையும் கொடு என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. சொன்னதோடு அதன் கடமை முடிந்தது.

கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் கிரேடு பார்த்துச் சேருங்கள் என்பார்கள். பார்க்கலாம். ஏ பிளஸ் பிளஸ் வாங்க ரொக்கம், தங்கம், லேப்டாப் கைமாறியதாக 2025 பிப்ரவரியில் சிபிஐ பத்துப் பேரைக் கைது செய்தது. அதில் ஆய்வுக் குழுவின் தலைவரே ஒருவர். பிளெக்ஸில் பார்த்த ஏசிசிஏ சங்கதிக்கு வருவோம், அது பிரிட்டன் கணக்காளர் தேர்வு. பதின்மூன்று தாள், எழுதப்போவது பிள்ளை, பரீட்சைக் கட்டணம் போவது லண்டனுக்கு, பவுண்டில். கல்லூரிக்கு அதில் கிடைப்பது பிளெக்ஸில் போட ஒரு பெயர்.

சரி, அரசுக் கல்லூரி? பழங்குடிப் பிள்ளைக்கு விண்ணப்பச் செலவு இரண்டே ரூபாய். செர்ரி ரோட்டில், 1857-ல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரி நிற்கிறது. ஆனால் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்த, நிரந்தர ஆசிரியர் இடத்தில், 2025 நிலவரப்படி மாதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறது அரசு. யூஜிசி சொன்னதோ ஐம்பதாயிரம் வரை. தனியார் கடைக்கு ஆள் பிடித்துத் தர இதைவிட நல்ல புரோக்கர் யார்?

சமவெளிப் பணக்காரப் பிள்ளைகள் படிக்க மலையேறி வருவதற்கு ஏற்காட்டில் 1917-லிருந்து மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குக் கிடைத்தது இறங்குகிற ரோடும் துண்டுத்தாளும்.

வணிகவியல் பட்டப்படிப்பில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டுக்கு நேராகப் போகலாம். எந்தக் கல்லூரி என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே பெற்றோரே, மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தக் கட்டணத்தை லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். முழித்தார்கள் என்றால், டி.சி.யைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.