கோபுரமும் பிலிம் டப்பாவும்: சேகரத் தேவாலயப் புதிர்வேட்டை குறித்த ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைச் சுற்றி, கையில் போனும் பென்சிலுமாய்க் கல்லறைக் கற்களின் முன் குனிந்து எதையோ குறித்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் பாமரர் கருத்து இரண்டு. வேலையற்றவர்கள் என்பது ஒன்று, பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா. அவர்கள் ஜியோகேச்சிங் ஆடுகிறார்கள். ஒருவர் டப்பாவை ஒளித்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவிப்பார்; தேடிக் கண்டவர் உள்ளிருக்கும் காகிதச் சுருளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. ஓரிரு நாளில் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரம் முதல் வாளி ஒளிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் தேவாலயங்களை ஒட்டியே ‘சர்ச் மைக்ரோ’ என்ற வரிசையில் ஆயிரக்கணக்கான சிறு டப்பாக்கள், பிலிம் டப்பா போன்றவை, உள்ளன. இது தற்செயல் அன்று என்பதே நம் துணிபு. இடத்தைக் காட்டுவதும், வந்தவர் பெயரைத் தேதியோடு எழுதிவைப்பதும் சேகரத் தேவாலயத்தின் பழைய உத்தியோகம். இடையில் பறிபோன அந்த உத்தியோகத்தைப் பிலிம் டப்பா மீட்டுக் கொடுத்திருக்கிறது.

சான்றுக்கு லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரத்துப் புனித பொத்தோல்ப் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். 80 மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் கோபுரத்தை ஊரார் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கு உரிய பெயரை அவ்வளவு உயரத்துக்கு வைப்பது ஆங்கிலேயரின் அடக்கம் போலும். மேடு பள்ளமற்ற அந்தச் சதுப்புச் சமவெளியிலும் அடுத்துள்ள கடலிலும் வழி தவறியவர்களுக்கு அதுவே குறி. பின்னர் வந்த, ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் அளவைக்காரர்களும் தேவாலயங்களையே நாடினார்கள். கோபுர உச்சிகளைக் குறிவைத்துக் கோணம் அளந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் குறிக்க, சுவரில் ஒரு கிடைக்கோடும் அதன் கீழ் அம்புக்குறியும் செதுக்கினார்கள். (சமவெளியில் அளவைக்காரருக்குக் கோபுரமே கதி. தென்னிந்தியாவை அளந்த லாம்டன் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தியோடலைட் என்ற கோணமானியை ஏற்றப்போய் அந்தக் கருவியைச் சேதப்படுத்திக்கொண்டதும் இந்தத் தேவையால்தான்.) எழுத்து வேலையோ இன்னும் பழையது. ஒவ்வொரு சேகரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும், அந்த ஏட்டை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும் என்றும் 1538-இல் மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். பெட்டி, உள்ளே காகிதம், காகிதத்தில் பெயரும் தேதியும். பூட்டு இரண்டும் போய் மூடி ஒன்று வந்ததைத் தவிர, ஐந்து நூற்றாண்டில் மாற்றம் ஏதும் காணோம்.

இனிப் புதிரின் இலக்கணம். அமைப்பவர் டப்பாவின் இடத்தை நேரே சொல்லாமல் ‘வடக்கு 52° 58.அஆஇ, மேற்கு 000° 01.ஈஉஊ’ என்று எழுதி, எழுத்துகளின் மதிப்பைக் கல்லறைத் தேதிகளிலும் மணியில் வார்த்த ஆண்டிலும் போர் நினைவுப் பலகையிலும் தேடச் சொல்வார். ‘இ’ ஒன்று பிசகினால் இழப்பு 2 மீட்டருக்கும் குறைவு; புதரை இன்னொரு முறை கிளறினால் தீரும். ‘அ’வில் பாசி படர்ந்த 3-ஐ 8 என்று வாசித்தவர் 900 மீட்டருக்கு மேல் வடக்கே போய் யாருடைய வேலியிலோ கையை விடுவார். ‘ஈ’யில் அதே பிழை செய்தவர் பாஸ்டனில் ஓடும் விதம் ஆற்றைத் தாண்டிவிடுவார். கல்வெட்டு வாசிப்பில் இத்தனை உடனடித் தண்டனை வேறெந்தத் துறையிலும் இல்லை. காலக்கணக்கும் கைவர வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே அன்றைய பதிவேட்டின்படி 1720 பிப்ரவரியில் இறந்தவர் நம் கணக்கில் 1721-இல் இறந்தவர். சில கற்கள் இரண்டையும் சேர்த்துப் பொறித்து ‘ஊ’வின் மதிப்பைக் குலைக்கும். 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை என்ற தேதிகளோ, நாட்காட்டி மாற்றத்தால், அந்நாட்டில் இருந்ததே இல்லை. அந்த நாட்களில் அங்கே எவரும் சாகவில்லை.

அஃதேல், இறந்தவரை எண்களாக்குவது அவமதிப்பன்றோ எனின், அன்று. இருநூறு ஆண்டாக ஒருவரும் ஏறிட்டுப் பாராத பெயரை மழையில் நின்று எழுத்தெழுத்தாக வாசிக்கிறவர், தேதிக்காகவே வாசித்தாலும், வாசித்தவரே. டப்பா பெரும்பாலும் தேவாலய வளாகத்தில் இல்லை, வெளியே வேலிக்கம்பத்தின் பின்னாலோ மைல்கல் அடியிலோ இருக்கிறது, எனவே தேவாலயம் வெறும் சாக்கு என்பார் உளர். இவ்வாதம் நமக்கே துணை. இடம் காட்டுவது என்றாலே வேறோர் இடத்தைக் காட்டுவதுதான். பாஸ்டன் கோபுரத்தைப் பார்த்த கப்பல்காரன் கோபுரத்தில் போய் முட்டிக்கொள்ளவில்லை. டப்பாவின் இடத்துக்குப் பதிலாகப் புதிருக்கு அறிவித்த இடத்திலிருந்து டப்பா ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. ஒரு கிராமச் சேகரத்தை நடந்து கடக்கவும் அவ்வளவே தூரம். இதுவும் தற்செயல் என்பார் தம் கட்சியைத் தாமே நிறுவுக.

எஞ்சும் ஆட்சேபம் ஒன்றே வலுவுள்ளது: தேடுகிறவர் வெளியே நின்று கணக்குப் போட்டுவிட்டுப் போகிறார், உள்ளே கால் வைப்பதில்லை. இதற்குப் பரிகாரமாக, படிகளை எண்ணச் சொல்லலாம் என்று தோன்றும். பாஸ்டன் ஆலயத்தில் கோபுரப் படி 365, சன்னல் 52, தூண் 12, கதவு 7 என்று ஊரார் ஆண்டுக்கணக்கோடு பொருத்திச் சொல்வார்கள். அதனாலேயே அங்கு படிக்கணக்கைப் புதிரில் சேர்க்கலாகாது. ஒரு படிகூட ஏறாமல் விடை எழுதிவிடுவார்கள்.